வெளியாருக்கு வரைந்தவை

முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிற வேலை எனக்கு. அசலில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பிழையோடுதான் நகலும் இருக்க வேண்டும். திருத்துவதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. பதினான்கு வருஷம் இப்படி எழுதியதில் ஒரு குணம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தாளைப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்க மாட்டேன். என் மனைவி நாகம்மை இதை வேறு வார்த்தைகளில் சொல்லுவாள். அவற்றை இங்கே எழுத முடியாது.

இந்தக் குணம் போதாதென்று ஒரு பைத்தியமும் இருந்தது. ததேயுஸ் என்பவர் வரைந்த கேலிப்படங்களைச் சேர்ப்பது. நாற்பத்தேழிலிருந்து ஐம்பது வரை நாகர்கோவிலில் ‘தென்கோடி’ என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் அவர் படம் வரும். மந்திரிகளையும் வரைவார், தேங்காய்த் தரகர்களையும் வரைவார். இரண்டு பேருக்கும் ஒரே தொப்பைதான் போடுவார். படத்தின் கீழே இடது மூலையில், சட்டத்தில் சாய்த்து வைத்த மாதிரி ஒரு சின்னக் கைத்தடி இருக்கும். அதுதான் அவர் கையெழுத்து. பெயரெழுத மை செலவாகும், தடி என்றால் ஒரே இழுப்பில் முடிந்துவிடும் என்று சொல்வாராம். பத்திரிகை நின்ற மறு வருஷம் காசநோயில் அவரும் போய்விட்டார். கல்யாணம் செய்யவில்லை. மணக்குடியில் ஒரு அக்காள் மட்டும் உண்டு.

நான் அவரை ஒரு தடவைகூடப் பார்த்துப் பேசியதில்லை. பத்திரிகையில் வந்த படங்கள் முழுவதும் என்னிடம் இருந்தன. இனித் தேட ஒன்றும் இல்லையே என்று நான் சோர்ந்துகிடந்த சமயத்தில்தான் மணக்குடி அக்காள் ஒரு பழைய நோட்டைத் தந்தார். கடைசிப் பக்கத்தில் ததேயுஸின் கையால் ‘வெளியாருக்கு’ என்று தலைப்பு. கீழே பதினேழு வரிகள். ‘தென்கோடி’ அல்லாமல் வேறு ஆட்களுக்காக அவர் போகிற போக்கில் வரைந்து கொடுத்தவை. அன்று நான் வீட்டுக்கு நடந்து வந்தேனா பறந்து வந்தேனா என்று எனக்கே தெரியாது.

அடுத்த இரண்டு வருஷம் அந்தப் பதினேழுக்குப் பின்னால் போனது. ஒரு சோடா கம்பெனி லேபிளைப் பாட்டிலோடு வாங்கி வந்து தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். குளச்சலில் நடந்த பந்தாட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் ஒரு மீன் வியாபாரியின் வீட்டுச் சுவரில் ஓட்டையை மறைத்துக்கொண்டு இருந்தது. மாட்டு வைத்தியப் பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையில் பசு பல்லைக் காட்டிச் சிரிக்கும். அதைப் பூஜை அறைக் கதவில் ஒட்டிக் குங்குமம் வைத்திருந்த ஒரு அம்மாள், பதிலுக்கு லட்சுமி படம் கொண்டுவந்தால்தான் தருவேன் என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதா கோயில் திருவிழா மலர் ஒன்றைத் தந்த சாமியார், “இத வச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று அன்பாகத்தான் கேட்டார். நானும் அன்பாகவே பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பதினாறு சேர்ந்தது. கடைசி வரி மட்டும் நின்றது. ‘செல்வதாஸ். வாழ்த்து மடல். 1948 மே.’

கல்யாணத்துக்குச் சிநேகிதர்கள் பாட்டெழுதி அச்சடித்துப் பந்தலில் வாசித்துக் கொடுக்கிற வாழ்த்து மடலை எல்லா வீட்டிலும் கண்ணாடி போட்டு மாட்டித்தான் வைப்பார்கள். கிடைக்காமல் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில் ஒரு நாள் நாகர்கோவிலில் வேப்பமூட்டுப் பக்கம் செல்வதாஸின் சைக்கிள் கடையைத் தேடிப் போனேன்.

செல்வதாஸுக்கு நாற்பது வயதிருக்கும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். ததேயுஸ் வரைந்த மடல் என்று நான் ஆரம்பித்ததும் கை நின்றது.

“யாரு ஓய் உம்ம இஞ்ச அனுப்பினது?”

நோட்டைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. “செத்தவனுக்க எழுத்து எனக்கு எதுக்கு? போவும்” என்றார்.

இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு மானம் ரோஷம் கிடையாது. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் இடது மூலையைப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு, “எல்லாத்துலயும் தடி உண்டும், என்னா?” என்று கேட்டார்.

“எல்லாத்துலயும் உண்டு.”

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த மடல் பள்ளிக்கூட டீச்சரான அவர் தங்கை நேசபாயின் கல்யாணத்துக்கு அடித்தது. மாப்பிள்ளை களியக்காவிளையில் குறுமிளகு வியாபாரம் செய்கிற வீட்டுப் பையன், ஜான்ரோஸ் என்று பெயர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. தடி ஊன்றித்தான் நடப்பார். இது செல்வதாஸுக்குத் தெரியும். நல்ல இடம் கைவிட்டுப் போகக் கூடாதென்று தங்கையிடம் அவர் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. பந்தல் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மடல் கட்டு அச்சாகி வந்தது. அப்போது பெண் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். படத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு தடி சாய்ந்திருந்தது.

“எங்க பிள்ளைய நொண்டின்னு படம் போட்டு ஊருக்குக் குடுக்கியளான்னு ஒரே சத்தம். அந்த மடல் கட்ட அப்பிடியே தூக்கி அடுப்புல போட்டாரு. வண்டியக் கட்டுன்னாரு. கல்யாணம் அதோட தீந்துது.”

“அது கையெழுத்துன்னு நீங்க சொல்லல்லியா?”

“தொண்டை கீறச் சொன்னேன். யாரு நம்புகா? எனக்க தங்கச்சியே நம்பல்ல. படம் போடச் சொன்னவன் நானாச்சே. அண்ணனாக்கும் என்னக் கெடுத்தான்னு சொல்லிட்டு அன்னைக்கு வாய மூடினவ. ஏழு வருஷம் ஆச்சு. அம்மை செத்தப்போ குழிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்.”

நேசபாய் பிறகு யாரையும் கல்யாணம் செய்யச் சம்மதிக்கவில்லை. நெய்யூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். எரியாமல் தப்பிய ஒரே ஒரு மடல் அவளிடம் இருப்பதாக அவர்களுடைய அத்தை மூலம் அவருக்குத் தெரிந்திருந்தது.

“நீரு போவும். இந்தப் புஸ்தகத்தக் காட்டும். நான் சொன்னா பொய்யி, உமக்கு ஒரு சம்பந்தமும் இல்ல, நீரு சொன்னா நம்புவா. அவ எனக்கட்ட ஒரு வார்த்தை பேசட்டும். மடல நீரு எடுத்துக்கிடும்.”

இதைவிட நல்ல ஏற்பாடு எனக்கு என்ன வேண்டும்? அந்தச் சனிக்கிழமையே ஆல்பத்தை மெழுகுத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நேசபாய்க்கு முப்பது தாண்டியிருந்தது. மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பு விழுந்த, சத்தமில்லாத பெண்பிள்ளை. அத்தைதான் கூட இருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பயந்தேன். அனுப்பவில்லை. பாய் விரித்து உட்காரச் சொன்னாள். நான் பக்கம் பக்கமாகப் புரட்டித் தடியைக் காட்ட, அவள் ஸ்லேட்டில் கணக்குத் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு மூலையிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வயலில் இறங்கிவிட்ட பஸ்ஸை நாற்று நடுகிற பெண்கள் திட்டுகிற படத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

“அப்ப அண்ணன் சொன்னது உள்ளதுதானா சார்?”

“உள்ளதுதான்” என்றேன், மடலைப் பார்க்காமலே.

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து அதை எடுத்து வந்தாள். ரோஸ் நிறத் தாள். மடிப்பில் மட்டும் வெளுத்திருந்தது. படம் நடுவில் இருந்தது. டீச்சரம்மா ஆஜர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே குறுமிளகுச் சாக்கின் மேல் மாப்பிள்ளை உட்கார்ந்து, நேரம் கழித்து வந்த பையன் மாதிரி ஒரு கையைத் தூக்கி ‘உள்ளேன்’ என்கிறார். சாக்கில் ஒரு தடி சாய்ந்திருக்கிறது. ததேயுஸ் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று அப்போதே தோன்றியது. இப்போதும் அதே அபிப்பிராயம்தான்.

பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். பழக்கம் விடாது. சுற்றிலும் பிச்சிப்பூ மொட்டு வைத்து ஒரு சட்டம் போட்டிருந்தார். அதன் கீழ் இடது மூலையில், மொட்டுகளுக்கு நடுவில், ஒரே இழுப்பில் போட்ட கைத்தடி. பூவோடு பூவாக இருந்ததால் தெரியாதவர் கண்ணில் படாது. சாக்கின் பக்கத்தில் இருந்த தடி வேறு. அதற்குக் கனம் இருந்தது, தலையில் பித்தளைக் குமிழ் இருந்தது, அடியில் பூண் இருந்தது.

இங்கேதான் என் குணம் வேலை செய்தது.

“பாத்தியளா! கையெழுத்து இஞ்ச கெடக்கு, பூவுக்குள்ள. சாக்குப் பக்கத்துல உள்ளது கையெழுத்து இல்ல. அது வேணும்னு வரைஞ்ச தடி. ரெண்டும் ரெண்டு கோடு” என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கி இரண்டையும் பார்த்தாள். பிறகு மடலை நாலாக மடித்தாள்.

“இன்னைக்குக் காலையில நீங்க வந்தப்போ, சரி, நான்தான் தப்பா நெனச்சிட்டேன்னு இருந்துது. அண்ணனப் போய்ப் பாக்கணும்னு மனசுல வச்சாச்சு. நல்ல வேளை சார். காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

காப்பி குடித்தேன். ஏழு வருஷமாக அறுந்தும் அறாமலும் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைச் சுத்தமாக வெட்டிவிட்டு, அதன் கூலியாகக் காப்பி குடித்த மாதிரி இருந்தது.

செல்வதாஸ் கடை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் தப்ப முடியாது. சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அது கையெழுத்து இல்லன்னு. அன்னைக்கே தெரியும். அவனுக்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு தட்டுல சோறு தின்னவன். மாப்பிள்ளைக்குக் கால் சரியில்லன்னு பேச்சோட பேச்சா நான்தான் அவன்ட்ட சொன்னேன். அந்தக் கோட்டிக்காரன் அத வெளையாட்டா வரைஞ்சுப்புட்டான். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அவன் வரைஞ்சிருக்க மாட்டான். அப்ப தங்கச்சி நெனச்சதும் சரிதானே? அதுக்காகத்தான் கையெழுத்து கையெழுத்துன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

“ததேயுஸ்ட்ட கேட்டியளா?”

“கேட்டேன். தலையக் குனிஞ்சிட்டு நின்னான். ஒரு வார்த்தை பேசல்ல. அன்னையோட எனக்க கடையில கேற விடல்ல.”

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் எல்லாவற்றையும் நாகம்மையிடம் கொட்டினேன். வழக்கமாக என் தேடல் கதைகளுக்கு அவள் காது கொடுப்பதில்லை. இதற்குக் கொடுத்தாள். திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டி முடித்துவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“அந்த மாப்பிள்ளைட்ட யாராவது கேட்டியளா?”

“அவருட்ட என்னத்தக் கேக்க?”

“கால் அவருக்க காலுல்லா? அவருக்கு வருத்தம் உண்டுமா இல்லியான்னு அவருதானே சொல்லணும்? மாமன் சத்தம் போட்டான், அண்ணன் மறைச்சான், படம் வரைஞ்சவன் வாயத் தொறந்து மிண்டல்ல. அந்த மனுசன் என்ன சொன்னாருன்னு உங்க கதையில ஒரு எடத்துலயும் வரல்லியே.”

வரவில்லைதான். பதினான்கு வருஷம் கோர்ட்டில் வேலை பார்க்கிறேன், பிரதான சாட்சியை விசாரிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை லீவு போட்டுக் களியக்காவிளைக்குப் போனேன். அங்கே எல்லார் வாயிலும் ராஜ்யத்தைப் பிரித்துப் போடப்போகிற எல்லையைப் பற்றிய பேச்சுதான். கோடு எங்கே விழும், எந்தக் கடை எந்தப் பக்கம் போகும் என்று தெருவில் தர்க்கம் நடந்தது. ஜான்ரோஸின் கடை சந்தைக்குப் பின்னால். குறுமிளகும் கொட்டைப்பாக்கும் சாக்குச் சாக்காக இருந்தன. நல்ல நிறமாக, முன்நெற்றி ஏறிய மனிதர். பித்தளைக் குமிழ் வைத்த தடி மேஜையில் சாய்ந்திருந்தது. ததேயுஸ் அந்தக் குமிழைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைத் திருத்த முடியாது.

அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள் என்று வழி கேட்ட இடத்திலேயே தெரிந்துகொண்டிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ததேயுஸ் என்று ஒருவர் நாற்பத்தெட்டில் வரைந்த ஒரு படத்தைப் பற்றி, என்று இழுத்தேன்.

“நான் சாக்குமேல இருக்கேன். அவங்க ரெஜிஸ்டர் வச்சிட்டு நிக்குகாங்க. அதுதானே சாரே?”

மடல் கட்டு எரிந்தது பெண் வீட்டில். இவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. “நீங்க எங்க கண்டிய?” என்று கேட்டேன்.

“பென்சில்ல வரைஞ்சு எனக்கட்ட காட்டினாரு. நான்தான் தடி வரையச் சொன்னது.”

கடையில் ஒரு ஆள் பாக்கு நிறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜான்ரோஸ் அவரை அனுப்பிவிட்டு வந்து சொன்னார். பெண் பார்க்கப் போன அன்று மாமன் இவரை எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்து, தடியை வாங்கி மறைத்துவிட்டார். பெண் வந்து நின்றது, போனது. எல்லாரும் உள்ளே போன பிறகுதான் இவரை எழுந்திருக்க விட்டார்கள். பெண்ணிடம் சொல்லவில்லை என்பது இவருக்குத் தெரியும்.

“களவு செய்யுகது மாதிரி இருந்துது சாரே. கல்யாணக் கெட்டு கழிஞ்ச பெறகு அந்தப் பொண்ணு எனக்க காலப் பாக்கணுமா? அதுக்கு முன்னயே தெரியட்டும்னு நெனச்சேன். எழுதிக் குடுத்தா மாமன் கையில பெடும். ததேயுஸ் படம் போடுகதாக் கேள்விப்பெட்டேன். நேர போனேன். என்ன உள்ளது மாதிரியே வரையணும், தடியோட வரையணும், நான் சொன்னதா ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது, செல்வதாஸ்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினேன். மாமனுக்குத் தெரிஞ்சா எனக்க தோல உரிப்பாரு.”

“பெறகு?”

“பெறகு என்ன? மாமன் வந்து சொன்னாரு, பொண்ணு படத்தக் கண்டுட்டு, எனக்கு நொண்டி வேண்டாம்னு சொல்லிட்டான்னு. அந்த வாரமே என்னக் கொல்லத்துக்குக் கடை பாக்க அனுப்பிட்டாரு. ரெண்டு வருஷம் அங்க இருந்தேன். எனக்கு அவங்கமேல கோவம் இல்ல கேட்டியளா. அறிஞ்சு வேண்டாம்னு சொன்னாங்க. அதுக்குத்தானே வரையச் சொன்னேன்.”

நேசபாய் அப்படிச் சொல்லவே இல்லை, மாமன்தான் மடல் கட்டை அடுப்பில் போட்டுவிட்டுப் போனார், பழி அண்ணன் தலையில் விழுந்தது என்று நான் சொன்னேன். இந்தத் தடவை சந்தோஷமாகச் சொல்லவில்லை. மாமன் போன வருஷம் செத்துப்போயிருந்தார், கேட்க ஆள் இல்லை. நான் எழுந்தபோது ஜான்ரோஸ் தடியை ஊன்றி வாசல் வரை வந்தார்.

“செல்வதாஸுக்கோ ததேயுஸுக்கோ இதுல ஒரு குத்தமும் இல்ல, நானாக்கும் வரையச் சொன்னதுன்னு அவங்கட்ட சொல்லணும். வேற ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றார்.

நான் வேறு ஒன்றும் சொல்லாமல் இருக்கவில்லை. நகல் எழுதுகிறவன் நான். கேட்டதைக் கேட்டபடி நேசபாயிடம் சொன்னேன். நெய்யூரில் அதே பாயில் உட்கார்ந்து சொன்னேன். ததேயுஸ் சத்தியம் செய்துகொடுத்தது வரை அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமன் ஜான்ரோஸிடம் சொன்ன பொய்க்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் நொண்டி வேண்டாம்னு சொன்னேன்னா?”

“அவருட்ட அப்பிடித்தான் சொல்லியிருக்கு.”

“அத நம்பிட்டா இருந்தாரு இத்தன வருஷமும்?”

“ஆமா.”

அவளுக்கு உதடு துடித்தது. கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“எனக்குத் தெரியுமே சார். அவரு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும். ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டி வராது. நான் பொறவாசல் கெணத்துல வெள்ளம் கோரிட்டு நின்னேன். வரப்பு வழியா மாமன் முன்னால, இவரு தடிய ஊணிட்டுப் பின்னால வந்தாரு. எதிர்க்க ஒரு எருமை வந்துது. மாமன் கல்ல எடுத்தாரு. இவரு வேண்டாம்னு சொல்லி, அந்தக் காலோட வயலுக்குள்ள எறங்கி நின்னு அதுக்கு வழி விட்டாரு. முட்டுவரை சேறு. அதக் கண்டுட்டுத்தான் நான் சரின்னு சொன்னேன். நான் கண்டேன்னு அண்ணனுக்குத் தெரியாது. யாரும் எனக்கட்ட கேக்கல்ல, நானும் சொல்லல்ல.”

அவளுக்குத் தெரியக் கூடாதென்று அண்ணன் மறைத்திருக்கிறார், அவளுக்குத் தெரிய வேண்டுமென்று மாப்பிள்ளை ரகசியமாகப் படம் வரையச் சொல்லியிருக்கிறார். அவளோ அதற்கெல்லாம் முன்னாலேயே பார்த்துவிட்டு, அவரைப் பிடித்துப்போய்ச் சம்மதம் சொல்லியிருக்கிறாள். இதை எந்த அசலிலும் நான் பார்த்ததில்லை.

“பிள்ளைங்க உண்டுமா அவருக்கு?”

“ரெண்டு பெண்பிள்ளைகள்.”

“நல்லா இருக்கட்டும்” என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மடலைப் பையில் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு, அத்தையிடம் சொல்லிவிட்டு என்னோடு நாகர்கோவில் பஸ் ஏறினாள்.

செல்வதாஸ் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணா, குடிக்க வெள்ளம் இருக்கா?” என்றாள்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு இது. அவர் செம்பை எடுக்கப் போனார், செம்பு கிடைக்கவில்லை, கண் முன்னாலேயே இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் குடித்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மடலை விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. “நான் உன்ன வீணா பழி சொல்லிட்டேன் அண்ணா” என்று முடித்தபோது அழுதாள். அவர் அவள் தலையில் கை வைக்கப் போய், கையெல்லாம் எண்ணெய் என்று பின்னுக்கு இழுத்தார். அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நினைத்தது அதோடு சரியாகிவிட்டது என்று. செல்வதாஸின் முகம் அப்படி இல்லை. அவர் தங்கையைப் பார்க்கவில்லை, மடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தியம் செய்திருந்தானா?” என்று என்னிடம் கேட்டார்.

“செய்திருந்தாராம். உங்கட்டயும் சொல்லப்பிடாதுன்னு.”

“அதுக்காகவா மிண்டாம நின்னான்? நாலு தடவ இந்த வாசல்ல வந்து நின்னான் ஓய். நான் நிமுந்து பாக்கல்ல. கடசீல வந்தப்போ இருமிக்கிட்டே நின்னான். வெள்ளம் கேட்டான். நான் பம்ப எடுத்துட்டு அடிக்கப் போனேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “செத்தான்னு சொல்லி ஆள் வந்துது. அடக்கத்துக்கும் போகல்ல.”

நேசபாய் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் நேரில் பார்க்காத ஒரு மனிதருக்காக, அவர் வரைந்த அத்தனை படத்தையும் வைத்திருந்தும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்ததற்காக.

செல்வதாஸ் கடைப் பலகைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்த ஆரம்பித்தார். நடுப்பகலில் கடையை அடைக்கிறார். கடைசிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மணக்குடியில அவன எங்க வச்சிருக்குன்னு உமக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியும். அக்காளிடம் நோட்டு வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன். மாதா கோயிலுக்குப் பின்னால், மதிலை ஒட்டி, தாழைப் புதரிலிருந்து மூன்றாவது குழி. கல் வைக்கவில்லை. மரச் சிலுவைதான், மணலில் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

“வாருங்கோ, நான் காட்டுகேன்” என்றேன்.